கொக்கு ஒப்புக்கொண்ட சக்கரவர்த்தி

ஜப்பானில் ஒரு பெரிய மண்மேடு, அதைச் சுற்றி அகழி. ஆதிகாலத்துச் சக்கரவர்த்தி ஒருவர் நூற்று முப்பத்தேழு வயதுவரை வாழ்ந்து அதற்குள் அடங்கியிருப்பதாக ஐதீகம். மேட்டின்மேல் காவலுக்கு வைத்த களிமண் கோழிக்கு, அவர் இருந்தாரா என்பதைவிட இந்தப் பேச்சு என்றைக்கு ஓயும் என்பதுதான் கவலை.

"நூத்தி முப்பத்தேழு வயசாம்! யார் காதுல பூ சுத்தறாங்க? அப்படி ஒரு ஆளே கிடையாது," என்று அகழி மீனை விழுங்கிக்கொண்டே தினமும் ஆரம்பிக்கும் கொக்கு.

"எனக்கே நூறு தாண்டிடுச்சே தம்பி," என்று இழுக்கும் ஆமை. "கோழியக்கா, நீங்க பார்த்தீங்களா?"

"என்னை வெளியே பார்த்துல்ல நிக்க வெச்சாங்க! முதுகுக்குப் பின்னால யார் இருந்தா எனக்கென்ன? ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

ஒரு நாள் இரண்டு பேர் வலையோடு வந்தார்கள். 'சக்கரவர்த்தியின் சமாதி. மீன், பறவை பிடிக்கக் கூடாது' என்றது கரையில் இருந்த பலகை.

"உள்ளே யாருமே இல்லையாமே?" என்று வலையை உதறினான் ஒருவன்.

கொக்கு மேட்டுக்குப் பறந்துபோய்க் கோழியின் பின்னால் ஒண்டியது. "அக்கா, இருக்கார்னு சொல்லுங்களேன்!"

"நீயே போய்ச் சொல்லேன். நேத்து வரைக்கும் வாய் கிழிஞ்சுதே!"

"ஒருவேளை இருந்துட்டா?" என்றான் மற்றவன். இருவரும் மேட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

மறுநாள் ஆமை கேட்டது: "யோசிச்சா, நூத்தி முப்பத்தேழு கொஞ்சம் அதிகம்தான், இல்லையா தம்பி?"

"நூத்தம்பதுகூட இருக்கும்," என்றது கொக்கு, மீனை விழுங்கிவிட்டு. "பெரியவர் வயசை ஏன் குறைக்கறே?"

தலையில் அடித்துக்கொள்ளக் கோழிக்குக் கை இல்லை.