கீபோர்டுக்கு வைத்த பொட்டு

“கீபோர்டு மேல ஏதாச்சும் கொட்டிருச்சுங்களா மேடம்?”

இல்லை என்றாள் அவள், கேள்வி முடிவதற்குள். பிறகு குரலைக் குறைக்காமல், “அவரு கொட்டியிருந்தாத்தான் உண்டு” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கூடத்தின் மறுபக்கம் அவள் கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

போனில் ஜெயசீலன். அவள் அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஒரு மணி நேரமாக வழி சொல்லிக்கொண்டிருந்தான். வேண்டாததை எல்லாம் அழித்தாயிற்று. இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று. லேப்டாப் மசிவதாக இல்லை.

கடைசியில், அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த தனிக் கீபோர்டைச் செருகச் சொன்னான். லேப்டாப்போடு கூடப்பிறந்ததை அமைப்புகளில் போய் நிறுத்தச் சொன்னான்.

அவ்வளவுதான். பத்து நாளாகப் படுத்தி எடுத்த சனியன், சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

“அதுல இருக்கற கீபோர்டுதாங்க மேடம் கோளாறு. ஏதோ ஒரு பொத்தான் தானா அமுங்கிக்கிட்டே இருக்குது. அதான் மொத்தமும் திணறுது. எதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

போனை வைத்தாள். நிறுத்தியதை மறுபடி இயக்கி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

யாரும் தொடவில்லை. கர்சர் வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எண்டர்.

அன்று கணவன் சொன்னதும் இதைத்தான்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் அது. இதே லேப்டாப்பில் கோவைக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் தேர்வு. மில் மூடிய எட்டு மாதத்தில் அவனுக்கு வந்த ஒரே அழைப்பு. நாற்பது கேள்விகள். பதிலைத் தொடுமுன் அடுத்தது, அதைப் படிக்குமுன் அதற்கடுத்தது என்று ஓடி, ஆறே நிமிடத்தில் நன்றி சொல்லி மூடிக்கொண்டது.

“தானாப் போகுது” என்று எழுந்து வந்தான்.

பூஜைக்கு வந்து தங்கியிருந்த அண்ணனுக்கு அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். “இவரு தொட்டது எதுதான் வெளங்கியிருக்குது, இது வெளங்க?”

அண்ணன் சிரித்தான். “மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரெல்லாம் எதுக்குக் கண்ணு? நம்ம மண்டிக்கு வரச் சொல்லு. மஞ்ச மூட்டை லோடு ஏத்தறதைப் பாத்துக்கட்டும்.”

நாளைக் காலை அந்த மண்டியில் சேருகிறான். இஸ்திரி அதற்குத்தான்.

கொண்டை ஊசியால் எண்டர் பொத்தானை நெம்பினாள். வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். தெறித்து மேசையில் விழுந்தது.

அடியில் மஞ்சளாக, காய்ந்து, பாளம் கட்டிக் கிடந்தது.

முகர வேண்டியதே இல்லை. முகர்ந்தாள்.

சந்தனம்.

நடுவில் பொடியாகக் குங்குமம்.

பூஜையன்று அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்த கையோடு லேப்டாப்புக்கும் வைத்தவள் அவள்தான். மூடியின் மேல் வைத்தால் வழுக்குகிறது என்று திறந்து, பொத்தான்களின் மேலேயே மூன்று பொட்டு. பன்னீர் சற்றுத் தாராளம். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தவளும் அவள்தான்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவன் காலரைத் திருப்பிப் போட்டு நீவிக்கொண்டிருந்தான்.

மற்ற இரண்டு பொட்டு வைத்த இடங்கள் நினைவிருந்தன. இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. அங்கேயும் ஊசியைக் கொடுத்தாள். அவை லேசாகவே கழன்று வந்தன.

உள்ளே துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பஞ்சு இழை ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் நாந்தான் சுரண்டி எடுத்தேன்” என்றான் அவன், சட்டையைப் பார்த்தபடியே. “எண்டர் மட்டும் கழட்ட வரல. ஒடஞ்சுரும்னு உட்டுட்டேன்.”

“எப்பங்க?”

“அன்னைக்கேதான். உங்கண்ணன் சாப்பிட்டுட்டு இருந்தாரே, அப்ப.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் அப்படிச் சொன்ன பிறகு, அண்ணன் அப்படிச் சிரித்த பிறகு, அறைக்குள் போய் உட்கார்ந்து பஞ்சை நனைத்திருக்கிறான். சந்தனத்தைப் பார்த்திருக்கிறான். பத்து நாள் அதே வீட்டில் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“அவரு முன்னாடி எப்படிச் சொல்றது?” என்றான். “உனக்கு ஒரு மாதிரி இருக்குமில்ல.”

குத்திக் காட்டவில்லை. அவன் குரல் அவளுக்குத் தெரியும். நிஜமாகவே அதற்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

அதுதான் தாங்கவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவனை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தாள். அண்ணனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவே வைத்தாள்.

மணி போயிற்று.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “வேண்டாம், உடு” என்றான்.

“சொல்லு கண்ணு” என்றது அண்ணனின் குரல். பின்னால் அண்ணியும் குழந்தைகளும் பேசுவது கேட்டது. “மாப்பிள்ளை காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துருவாருல்ல?”

வாயைத் திறந்தாள். அன்றைக்கு அத்தனை சுளுவாகப் பேசிய வாய்.

“கண்ணு? கேக்குதா? சொல்லு.”