தலைப்பு

பிடிமானமின்றி நிற்க முடியாத மனைவி மரகதத்தின் சக்கர நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி வைக்கத் தோதாகத்தான் சதாசிவம் அந்தக் காரை வாங்கினார். சாவி மடியில் இருந்தால் போதும், வண்டியின் பின்புறம் அடியில் காலை நீட்டினால் பின்கதவு தானே மேலெழும். ஆனால் அதற்கு ரோஷம் அதிகம். பூனை போனாலும் திறந்துகொள்ளும். மூடும்போது, காரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும் அவள் சேலைத் தலைப்பு பட்டால்கூடத் திரும்ப மேலே போய்விடும். "தலைப்ப இழுத்துச் செருகிக்கோ" என்று தினமும் அவளைக் கடிந்துகொள்வார்.

இன்று அவளுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, சுடுகாட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிக் குளத்துக்கு நடந்தார். மடியிலிருந்த சாவியை யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை. பத்தடி தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் கதவு எழும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாக்கக்கூடாது அத்தான். நான் மூடுறேன்" என்று மரகதத்தின் தம்பி தனபால் ஓடினான்.

கதவு இறங்கியது. பாதியில் நின்று மேலே போனது. மறுபடி இறங்கி, மறுபடி போனது.

"என்னடா தட்டுது?"

"ஒண்ணுமே இல்ல அத்தான்."

சதாசிவம் குளத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"தலைப்ப இழுத்துச் செருகிக்கோ மரகதம்" என்றார்.