இரண்டு விரற்கடை

பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட் கிளிப் ‘டக்’கென்று மாட்டும் சத்தம் கேட்காமல் சிவநேசன் வண்டியைக் கிளப்பமாட்டான். கணவனின் அந்த அக்கறையில் பூரணிக்குப் பெருமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் வார் அவள் தாடைக்கு எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

“ஏங்க, இதை வேற யாராச்சும் போட்டாங்களா?”

“வாரம் பூரா வண்டியில சும்மாதான தொங்குது, யாரு போடப்போறா? உனக்குத்தான் சதை போட்டிருக்கு.”

அவள் தளர்த்திப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் வார் குறைந்தே இருந்தது. தளர்த்திவிட்டு, தன் அளவு நிற்கும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் கடுகளவு பொட்டு வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு கிளிப் அந்தப் பொட்டின்மேல் அச்சாக நின்றது. வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. முறுக்கிக்கொண்டிருந்த வாரை நேராக்கும்போதுதான் பார்த்தாள். சிவப்புப் பொட்டுக்குச் சரியாக இரண்டு விரற்கடை உள்ளே இன்னொரு பொட்டு இருந்தது. நீலம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

“என்ன, இன்னும் சத்தத்தக் காணோம்?” என்றான் சிவநேசன், திரும்பாமலே.