நல்ல மாஸ்டருக்கு அடையாளம்

“ஒங்ககிட்ட கத்துக்கினவங்கள்ல எத்தினி பேருக்கு கை ஒடிஞ்சிருக்கு மாஸ்டர்?”

பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். சிவசங்கருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் அவன் கராத்தே வகுப்பு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கேட்க வேண்டிய கேள்வியை இன்றைக்குத்தான் ஒருவர் கேட்டிருக்கிறார்.

“ஒருத்தருக்கும் இல்லீங்க” என்றான் பெருமையாக.

“காலு?”

“சுண்டு விரலு கூட இல்லீங்க ஐயா.”

பெரியவரின் முகம் சுருங்கியது. பெயர் வேடியப்பன், ஊர் கல்வராயன் மலையடிவாரம் என்று சொல்லியிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. “நல்ல மாஸ்டர் யாருன்னு பாக்க வந்தேன். புடிச்சா இன்னிக்கே முடிவு பண்ணிடுவேன்” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். மலையடிவாரத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது இவர் பின்னால் வருவார்கள் என்று சிவசங்கர் கணக்குப் போட்டுவிட்டான்.

அவனுக்கும் இன்றைக்கே முடிவு தெரிந்தாக வேண்டும். ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் களத்தில்தான் வகுப்பு நடக்கிறது. “பொங்கலுக்குள்ள இருவது பேராவது சேரணும். இல்லாட்டி களத்த நெல்லுக்கே வுட்டுடு” என்று மில்காரர் ராமசாமி சொல்லிவிட்டார். இருப்பதோ பதினோரு பேர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வகுப்பு நடத்தும் மார்ட்டின் மாஸ்டரிடம் அறுபது பேர். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் போலீஸ் தடி சுழன்ற வேகத்தைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளையும் ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று ஊரே கிளம்பியது. கிளம்பியவர்கள் எல்லாரும் மார்ட்டினிடம்தான் போனார்கள். ஏனென்றால் மார்ட்டின் நெற்றியால் ஓடு உடைப்பார். எந்தப் போலீஸ்காரரும் ஓட்டைத் தூக்கிக்கொண்டு அடிக்க வரவில்லை என்பது ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மொதல்ல இன்னா சொல்லிக் குடுப்பீங்க?” என்றார் வேடியப்பன்.

“விழறதுக்கு.”

“விழறதுக்கா?”

“அடிபடாம விழறதுக்குங்க. மூணு மாசம் அதான். அப்பறம் ஓடறதுக்கு.”

“கராத்தேல ஓட்டம் எங்க வந்துது?”

“மறியல்ல அடி வாங்காம வூடு வந்து சேந்தவங்க யாருங்க? ஓடத் தெரிஞ்சவங்கதான?”

பெரியவர், களத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்த மாணவி ராதிகாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“ஏம்மா, சுளுக்கு, வீக்கம், எதுனா வந்துதா ஒனக்கு?”

“இல்ல தாத்தா. லேசா வலிச்சாவே மாஸ்டர் ஒரு வாரம் வராதன்னுடுவாரு.”

“பசங்க ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கவாவது செய்யறீங்களா?”

“தொடறதோட சரி.”

இதைக் கேட்டதும் பெரியவருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

“அந்த மார்ட்டின் மாஸ்டரையும் பாத்துட்டுதான் வரேன்” என்றார். “வாசல்லயே ரெண்டு பேரு கைய தொங்கவுட்டுக்கினு நிக்கறானுங்க. உள்ள ஒருத்தன் நொண்டிக்கினு கெடக்கறான். அவுரு மாஸ்டர்.”

சிவசங்கருக்குச் சுருக்கென்றது. “அவுரு ஒடைக்கிறது வேவாத ஓடுங்க. சூளையில பாதியில எடுத்தது.”

“எதுவோ, ஒடையுதில்ல?” பெரியவர் எழுந்து பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “நீங்க நல்ல மனுசன் மாஸ்டர். ஆனா எனக்கு ஒத்து வராது.”

மூன்று வருடம் ஒழுங்காக இருந்த மனிதன் அந்த நிமிடத்தில் கெட்டான். வரவேண்டிய பத்துப் பிள்ளைகளும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதாக அவனுக்குத் தோன்றியது.

“இருங்க” என்றான்.

மில் கூரையிலிருந்து இறக்கி வைத்திருந்த மங்களூர் ஓடுகளில் மூன்றை எடுத்தான். இரண்டு செங்கல்லின் மேல் அடுக்கினான்.

“வாணாம் மாஸ்டர்” என்றாள் ராதிகா. “நீங்கதான இதெல்லாம் வேடிக்கை, கராத்தே இல்லன்னு சொன்னீங்க?”

காதில் போட்டுக்கொள்ளாமல் சிவசங்கர் மூச்சை இழுத்தான். களம் அதிரக் கத்தினான். கையை ஓங்கி இறக்கினான்.

படீர் என்று சத்தம் கேட்டது. மூன்று ஓடும் வைத்தது வைத்தபடி இருந்தன. சிவசங்கர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வலியைவிட அவமானம்தான் அவனைக் கொன்றது. இனி இருபது என்ன, இருக்கும் பதினோரு பேரும் நிற்க மாட்டார்கள்.

வாசல் வரை போன வேடியப்பன் திரும்பி ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. மணிக்கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“பல்ல கடிச்சிக்கோங்க” என்று சொல்லி ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் பையிலிருந்து மூங்கில் தப்பை வந்தது, துணிச் சுருள் வந்தது, ஒரு கோழி முட்டையும் உடையாமல் வந்தது. சிவசங்கர் கத்தி முடிப்பதற்குள் கட்டுப் போட்டு முடித்துவிட்டார்.

“மறியல் நடந்தப்ப ஒரு நாளைக்கு முப்பது கட்டு கட்னேன் மாஸ்டர். அது ஓஞ்சதுலருந்து ஒரு ஆளு வரல” என்றார், களத்தோரம் பூட்டிக் கிடந்த அறையைப் பார்த்தபடி. “களம் ஒங்களுக்குத்தான், கவலப்படாதீங்க. ராமசாமி இடுப்ப நிமித்துனதே நான்தான், அவுருகிட்ட நான் பேசிக்கறேன். மார்ட்டின்கிட்ட ஆளு இருக்கு, ரூமு இல்ல. வாத்தியாருக்கே ஒடியற எடத்துல பசங்களுக்கு ஒடியாமயா போவும்? என் எலும்பு வைத்தியசாலைய நாளைக்கே அந்த ரூமுல தொறந்துடறேன்.”