மருதையன் பார்த்த தொடர்

கல்குவாரியில் லோடு ஏற்றும் மருதையனின் டிவி உடைந்துபோனது. புதிதை மாட்ட வந்த மெக்கானிக், பழையதில் பதிவாகியிருந்த மருதையனின் பார்க்கும் பழக்கத்தை அதில் ஏற்றினான். அதை வைத்துத்தான் டிவி தினமும் அவனுக்கென ஒரு தொடரைத் தயாரிக்கும். மனைவி செல்லக்கிளி மில்லுக்குப் போனபின் அவன் தனியாகப் பார்ப்பான்.

சரிபார்க்க ஓட்டியபோது, திரையில் செல்லக்கிளி கிணற்றில் விழுந்து செத்தாள். அடுத்த பகுதியில் அடுப்பில் எரிந்தாள்.

"ஏந்தம்பி, என் மூஞ்சியப் போட்டுக் கொல்லுது? மிஷின் கோளாறா?" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லக்கிளி.

மெக்கானிக் தலை நிமிரவில்லை. "கோளாறு இல்லக்கா. அண்ணன் கண்ணெடுக்காமப் பாக்குறதைத்தான் இது காட்டும்."

மருதையன் உள்ளே வந்தான். "பழசெல்லாம் வந்துருச்சாடா?"

"வந்துருச்சுண்ணே."

மருதையன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். "நீ இன்னும் மில்லுக்குக் கெளம்பலியா?"

"கெளம்பிட்டேன்" என்ற செல்லக்கிளி, சாப்பாட்டுப் பையில் இரண்டு சேலைகளைத் திணித்துக்கொண்டாள்.