நாலு தெருவுக்கும் வாய்க்கரிசி

வரிசை நகர்ந்தது. ஒரு பிடி அரிசியோடு அவளும் நகர்ந்தாள்.

இந்த இரண்டு வருடத்தில் எத்தனையாவது சாவு வீடு என்று அவளுக்கே தெரியாது.

சுற்றியுள்ள நாலு தெருவில் யார் கண்ணை மூடினாலும் போய்விடுவாள். சொந்தமா பந்தமா என்று பார்ப்பதில்லை. சங்குச் சத்தம் போதும்.

"வந்துருச்சுடா வாய்க்கரிசி" என்று இளவட்டங்கள் சிரிப்பது காதில் விழும். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, மாஸ்க்கைக் கழற்றியதோடு எல்லாம் முடிந்துவிட்டது.

கொரோனாவில் போன அவள் புருஷனுக்கு ஒரு மணி அரிசி விழவில்லை. பாலிதீன் பையில் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எரிக்கக் கொண்டுபோனார்கள்.

வண்டிக்காரன் நல்லவன். வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்துகிறேன், பை மேலேயாவது ஒரு பிடி போட்டுக்கொள்ளம்மா என்று போனில் சொன்னான்.

நிறுத்த விடவில்லை. தெருமுனையில் கட்டிலைப் போட்டு மறித்தார்கள். முன்னால் நின்று கத்தியவர் எதிர்வீட்டு வேலாயுதம். பக்கத்தில் அவர் மனைவி அமிர்தம், வாயே திறக்காமல்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. யார் வாயில் போட்டாலும் மனதுக்குள் புருஷன் பெயரைச் சொல்லித்தான் போடுவாள்.

இன்று படுத்திருப்பவர் வேலாயுதம்.

வந்திருக்கவே கூடாது. பழகின கால், வந்துவிட்டது.

நன்றாகக் குளிப்பாட்டியிருந்தார்கள். புது வேட்டி. நெற்றியில் காசு. மாலைக்கு மேல் மாலை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கட்டிலைப் போடச் சொன்ன வாய்.

அந்த வாயில் போட, புருஷன் பெயரைச் சொல்ல வரவில்லை.

பின்னால் நெருக்கினார்கள். தலைமாட்டில் இருந்த அமிர்தம் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"போடுங்கக்கா. மனுசன் பசியோட போகக் கூடாதுக்கா."

"போகலாம் அமிர்தம். ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக்காரர் போகலையா?"

அமிர்தம் கையை எடுத்துக்கொண்டாள்.

இதை ஒருநாள் சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். எங்கே ஆறியது? இன்னும் எரிந்தது.

நாற்காலிகளைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. தன் வீட்டு வாசலில், அன்று வண்டி நிற்க வேண்டிய இடத்தில், வெயிலில் நின்றாள்.

மூடிய கையை எங்கே திறப்பது என்று தெரியவில்லை.