ஆறாவது பாய்

"செருப்பக் கழத்த வேண்டாம்மா. இது கோயில் இல்ல."

"இருக்கட்டும்யா."

"தரை சில்லுனு இருக்கும். ஏசி போட்டிருக்கோம்."

அதற்குள் அவள் கழற்றிவிட்டிருந்தாள். சுவரோரமாக, ஜோடி பிரியாமல் வைத்தாள்.

சீட்டைக் கிழித்துக் கொடுத்த இளைஞன் சிரித்தான். பழைய சத்திரத்தை மாற்றிச் செய்த இந்த அருங்காட்சியகத்துக்கு அவன்தான் பொறுப்பாளன். திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வருகிறவர்களின் முகத்தை அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே சாலைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி இரைந்தது.

"எங்க தாத்தா செத்த எடத்துல ஐஸ்கிரீம் விக்கியே, ஒங்க தாத்தா செத்த எடத்துல விப்பியா?"

பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சத்திரத்தில் செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஆளுக்கொரு மாலை போட்ட படம் மடியில் இருந்தது. இதை மூடும்வரை எழுந்திருப்பதில்லை என்று சொல்லியிருந்தார்கள். டீக்கடைக்காரர் பந்தலுக்கும் டீ கொடுத்தார், பார்க்க வந்த வேன்களுக்கும் டீ கொடுத்தார்.

அவளும் முதலில் அந்தப் பந்தலுக்குத்தான் வந்தாள்.

ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காருங்க மதினி. ஒங்களுக்கு யாரு?"

அவளிடம் படம் இல்லை. உட்காராமல் சாலையைக் கடந்தாள்.

உள்ளே முதலில், மெழுகுப் பொம்மையாக, கொன்றவன் நின்றான்.

வழிப்போக்கர்களுக்குச் சோறாக்கிப் போட்ட சமையல்காரன். ஒரு ராத்திரி அந்தச் சோற்றில் விஷம் கலந்தவன். தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. நகைகள் இல்லை. அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு.

கூடத்தின் நல்ல விளக்கெல்லாம் அவன் மேல் விழுந்தது. கையில் கரண்டி. ஓர் இளம் ஜோடி அவன் தோளில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

"ஆளு ஹீரோ மாதிரி இருக்கான்ல."

"ஒன் சமையலுக்கு இவன் தேவலாம்."

அவள் நிற்காமல் நடந்தாள்.

அப்பால் பாய்களை வரிசையாக விரித்திருந்தார்கள். பாய்க்கு ஒரு பொம்மை. தலைமாட்டில் ஒரு பலகை. பெயர், ஊர், போட்டிருந்த நகை. பருத்தி வியாபாரி. அவருடைய கணக்குப்பிள்ளை. திருச்செந்தூர் போய்த் திரும்பிய கணவன் மனைவி. மாட்டுத் தரகர்.

ஆறாவது பாயில் ஒரு பெண்.

அடையாளம் தெரியாதவர், என்றது பலகை.

முகம் அக்காவுடையது இல்லை. செய்தவன் யாரையோ நினைத்துச் செய்திருக்கிறான். ஆனால் அக்காவின் முகம் அவளுக்கும் கலைந்துதான் போயிருந்தது. சடை பின்னும்போது இழுத்த இழுப்பு மட்டும் மண்டையில் மிச்சம் இருந்தது.

தாவணி நீலம். அதை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

நீலத் தாவணியைத்தான் போலீஸ்காரர் அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

கல்யாணம் ஆகாதவள். சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவள். ராத்திரி, சத்திரத்தில்.

இன்னொரு பெண்ணையும் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த இன்னொரு பெண் இவள்.

அடுத்த தை மாதம் அப்பா ஓர் ஓலைப்பெட்டி வாங்கி வந்தார். கல்யாணம் ஆகாமல் செத்த கன்னித் தெய்வம் வீட்டில் இருக்கிறது, துணி கேட்கிறது என்றார். எந்தக் கன்னி என்று அம்மா கேட்கவில்லை. புதுப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், பிச்சிப்பூ, பச்சரிசி மாவு. படைத்துக் கும்பிட்டுத் துணியைப் பெட்டியில் வைப்பார்கள். மறு வருடம் புதுசு வைக்கும்போது பழசை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும்.

கல்யாணம் வரைக்கும் அவள்தான் உடுத்தினாள். பிறகு மகள்கள். இப்போது பேத்தி.

அவர்கள் யாருக்கும் கன்னியின் பெயர் தெரியாது. அவள் சொன்னதில்லை. கும்பிடலாம், கூப்பிடக் கூடாது.

ஒரு குடும்பம் பின்னால் வந்து நின்றது.

"இது யாருப்பா?" என்றது குழந்தை.

"யாரோம்மா. பேர் போடல. வா, கெணறு இருக்காம், பாப்போம்."

போய்விட்டார்கள்.

மூடட்டும் என்றுதான் அவள் காலையில் பஸ் ஏறினாள். மூடினால் பந்தல்காரர்கள் படங்களைத் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சுவரில் மாட்டுவார்கள். அக்காவுக்கு இந்தப் பாயை விட்டால் வேறு இடமில்லை.

பாய்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி அவள் உள்ளே போனாள்.

முழங்கால் மடங்கச் சிரமப்பட்டது. பொம்மையின் தாவணி ஒரு பக்கம் விலகியிருந்தது. இழுத்துச் சரிசெய்தாள். முடியில் தூசி. ஊதினாள். காதோர மயிரை ஒதுக்கினாள். மெழுகு குளிர்ந்திருந்தது.

"அம்மா." பொறுப்பாளன் ஓடிவந்தான். "தொடக்கூடாதும்மா."

குரல் அதட்டவில்லை. அவன் அவள் வெறுங்கால்களைப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். கயிற்றுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள். ஆனாலும் நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டும்போதே தெரிந்தது, அது அவள் அப்பாவின் தலையாட்டல்.

அவன் எழுந்து கையை நீட்டினான். அவள் பிடித்தாள். எழுந்திருக்கவில்லை.

"யாரு சொன்னான்னு கேக்காம," என்றாள், "ஒரு பேர மட்டும் இந்தப் பலகைல எழுதுவியாய்யா?"